ஏலக்கூடத்துப் பச்சை எழுத்து

ஜெயப்ரியாவைக் கிளிஞ்சல்மேட்டில் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. கம்ப்யூட்டர் ஜெயா என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் செய்கிறாள் என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. பெற்ற தாய் அஞ்சுகமே, "என்னமோ டொக்கு டொக்குன்னு தட்டுறா, நமக்கு என்னா வெளங்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

வேலை இதுதான். யாரோ எங்கேயோ எழுதிய மென்பொருளைக் கொண்டுபோய் இன்னொருவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓட வைத்துக் கொடுக்க வேண்டும். சமைக்கிறவர் ஒருவர், பரிமாறுகிறவர் ஒருவர் என்றால் ஜெயப்ரியா பரிமாறுகிறவள். எம்.சி.ஏ. முடித்த கையோடு காரைக்கால் நகரத்தில் சுந்தரமூர்த்தி என்பவர் நடத்தும் சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். நெடுங்காட்டில் நெல் குடோன், விழிதியூரில் பள்ளிக்கூடம் என்று எங்கே அனுப்பினாலும் போவாள். ஜாவாவை ஏற்று, டேட்டாபேஸை ஏற்று, இரண்டையும் பேச வை, ஓடுகிறதா பார், கிளம்பு. கோளாறு வந்தால் திட்டு அவளுக்குத்தான். சாம்பாரில் உப்பில்லை என்றால் பந்தியில் இலைக்கு முன்னால் நிற்கிறவர் மேல்தானே பாய்வார்கள்.

ஆழிப்பேரலை அப்பா நீலமேகத்தைக் கொண்டுபோனபோது அவள் மூன்றாம் வகுப்பு. தம்பி மணிவேலுக்கு அப்போது சரியாகப் பேச்சுகூட வரவில்லை. அஞ்சுகம் தலையில் மீன் கூடை வைத்தே இரண்டு பேரையும் ஆளாக்கினாள். பெண் படித்தாள். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, அப்பா போன கடலுக்கே போனான். தனக்குக் கல்யாணப் பேச்சு தட்டிக்கொண்டே போக, ஜெயப்ரியா தம்பிக்கு முதலில் முடித்துவைத்தாள். வந்தவள் ஷர்மிளா. கவியா என்று ஒரு கைக்குழந்தை. மணிவேல் கொஞ்சம் வாயாடி, நிறையப் பிரியம் உள்ளவன். அக்காள் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம், "என்னா கம்ப்யூட்டரு, இன்னைக்கி எந்த ஊரு கொட்டாயி?" என்று வம்புக்கு இழுப்பான்.

ஊர்ப் பஞ்சாயத்தார் படகுப் பதிவுக்கு ஒரு மென்பொருள் வாங்கியபோது, அந்த வேலை சுந்தரமூர்த்தி கம்பெனிக்கு வந்தது. சொந்த ஊர் வேலை என்று ஜெயப்ரியாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். படகு இறங்கும்போது ஒரு பொத்தான், திரும்பும்போது ஒரு பொத்தான், கரையில் மீன் ஏலம் விடுகிற ஏலக்கூடத்தில் அழுத்துவார்கள். குறித்த நேரத்துக்குள் திரும்பாத படகு ஏலக்கூடத்துப் பெரிய டிவியில் சிவப்பாகும். தேடுதலுக்குப் பொறுப்பான நகரத்துக் கடலோரக் காவல் அலுவலகத்தின் போனுக்கும் திரைக்கும் உடனே செய்தி போகும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. அந்தச் சிவப்பு வரவில்லை என்றால், அந்த மெஷினுக்கும் அம்மிக்கல்லுக்கும் வித்தியாசமில்லை.

ஏலக்கூடத்து மாடி அறையில், உப்புக்காற்றில் ஏற்கெனவே துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த ஒரு கம்ப்யூட்டரில் வேலையை ஆரம்பித்தாள். புது ஜாவாவை ஏற்றினாள், மென்பொருள் முறைத்தது. அது பழைய காலத்துச் சரக்கு, பழைய ஜாவாதான் வேண்டுமாம். அதை எடுத்துவிட்டு இதை வைத்தாள். டேட்டாபேஸை ஏற்றி, படகுக்கு ஒரு அட்டவணை, ஆளுக்கு ஒரு அட்டவணை, பயணத்துக்கு ஒன்று என்று உருவாக்கினாள். பிறகு டாம்கேட். மென்பொருளை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற சர்வர் அது. டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது, எந்தப் பெயரில் எந்தக் கடவுச்சொல்லில் உள்ளே போக வேண்டும் என்பதையெல்லாம் அமைப்புக் கோப்பில் எழுதி, சர்வரைக் கிளப்பினாள்.

கிளம்பவில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்று திரை முழுக்கப் பிழைச் செய்தி கொட்டியது. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தாள், போர்ட் எண்ணை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் பார்த்தால், நடுவில் கரண்டு போய் வந்ததில் டேட்டாபேஸ் எழுந்திருக்கவே இல்லை. டாம்கேட் மட்டும் எழுந்து பூட்டிய வீட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறது. கரண்டு வந்தால் டேட்டாபேஸ் முதலில், டாம்கேட் பிறகு என்று வரிசை கட்டிவைத்ததும் எல்லாம் ஓடியது. இதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. வெளியே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாத சந்தோஷம்.

அந்த மென்பொருளுக்கு ஒரு பூர்வீகம் இருந்தது. முதலில் அது எழுதப்பட்டது லாரி ஷெட்டுக்காக. லாரி என்று இருந்த இடத்தில் படகு என்று போட்டு நம்மூருக்கு விற்றுவிட்டார்கள். அமைப்புக் கோப்பில் அதன் தடம் இருந்தது. நேரம் கடந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற வரிக்கு இரண்டு பதில்கள்: 'எச்சரி', 'தானே முடி'. லாரி டிரைவர்கள் வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பொத்தானை அழுத்த மறந்துவிடுவார்கள். அதற்காகத்தான் அந்த இரண்டாவது: நேரம் கடந்தால் லாரி திரும்பிவிட்டதாக மென்பொருளே குறித்துக்கொள்ளும். ஜெயப்ரியா 'எச்சரி' என்று எழுதினாள்.

டிவி ஓடத் தொடங்கிய முதல் வாரமே ஊர் இரண்டுபட்டது. கிளிஞ்சல்மேட்டில் கடலுக்குப் போனவனைப் பற்றி 'வரல' என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. எவ்வளவு நேரமானாலும் 'வந்துக்கிட்டு இருக்கு' என்றுதான் சொல்வார்கள். வாயில் வைத்தால் பலித்துவிடும் என்று பயம். அப்படிப்பட்ட ஊரில், புருஷன் பெயரும் படகின் பெயரும் சிவப்பில் விட்டுவிட்டு எரிந்தால் எப்படி இருக்கும்? அஞ்சுகமே கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள்.

"வாயால சொல்லக் கூடாதத செவுத்துல எழுதி வச்சிருக்கியேடி! நீ இந்த ஊருப் பொண்ணுதானா?"

ஊரில் பிறந்தவளுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்தான். தோன்றவில்லை. 'திரும்பவில்லை' என்றிருந்த சொல்லை எடுத்துவிட்டு 'வந்துகொண்டிருக்கிறது' என்று மாற்றினாள். சொல் கோப்பில் இருந்தது, மாற்ற முடிந்தது. நிறம் மென்பொருளுக்கு உள்ளே இருந்தது, அதில் கை வைக்க அதை எழுதிய சென்னைக் கம்பெனிக்காரர்களால்தான் முடியும். கடிதம் மேல் கடிதம் அனுப்பினாள், பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மணிவேல் ஒருநாள் நாகப்பட்டினத்தில் நல்ல விலை என்று கேள்விப்பட்டு, பிடித்ததோடு அங்கேயே கரையேறினான். இங்கே பொத்தானை யார் அழுத்துவது? பொழுது சாய்ந்ததும் சிவப்பு வந்தது, செய்தி போனது, காக்கிச்சட்டைக்காரர் ஒருவர் நேராக வீட்டு வாசலில் வந்து நின்று ஷர்மிளாவிடம் கேட்டார். "மணிவேல் வீடுதானே? படகு திரும்பலையாமே?"

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். தெருவே கூடி ஒப்பாரி எடுத்துவிட்டது. ஒப்பாரிக்கு நடுவில், கையில் புரோட்டாப் பொட்டலத்தோடு மணிவேல் வந்து இறங்கினான். சிரித்தான். சிரித்தவன் அவன் ஒருவன்தான்.

மறுநாள் ஷர்மிளா ஜெயப்ரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். அந்தச் செவப்ப எடுத்துருங்க. இன்னொரு வாட்டி நான் தாங்கமாட்டேன்."

பஞ்சாயத்துத் தலைவர் வைத்தியலிங்கமும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "பாப்பா, பொம்பளைங்க டிவிய ஒடைச்சிருவாளுவோ போலருக்கு. எதாவது பண்ணி வுடு."

"பெரியப்பா, செவப்பு வந்தாத்தான் தேடப் போவாங்க."

"தேடுறதுக்கு நம்ம பயலுவோ இல்லையா? நீ எடுத்துவுடு."

சுந்தரமூர்த்திக்குப் போன் போட்டாள். "கஸ்டமர் சொல்றத செஞ்சு குடுத்துட்டு வாம்மா. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். இந்த 'அப்பறம் பாத்துக்கலாம்' என்பது நம் பக்கத்தில் பலபேர் குடியைக் கெடுத்த வார்த்தை. ஆனாலும் சொல்கிறவர்களை நாம் இன்னும் கெட்டிக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெயப்ரியா மாடிக்குப் போனாள். 'எச்சரி' என்ற சொல்லை அழித்தாள், 'தானே முடி' என்று எழுதினாள், டாம்கேட்டை நிறுத்திக் கிளப்பினாள். சென்னையிலிருந்து பதில் வரும்வரைக்கும்தான் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். அன்று சாயங்காலம் நேரம் கடந்த படகுகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறின. பக்கத்தில் 'கரை சேர்ந்தது' என்று எழுத்து. பெண்கள் கைகொட்டாத குறை. "இப்பதான் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றாள் அஞ்சுகம். யாரோ டிவியின் விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

சென்னைப் பதில் வரவில்லை. அடுத்த வேலை வந்தது, அதற்கடுத்த வேலையும் வந்தது. பச்சை அப்படியே நின்றது.

ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பியது. கடல் கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு காலையில் மணிவேலும் சுப்ராயன் என்ற பெரியவரும் ஃபைபர் படகில் இறங்கினார்கள். ஜெயப்ரியா புதுச்சேரியில் ஒரு மருந்துக் குடோனில் வேறொரு டேட்டாபேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், அங்கேயே தங்கல். மறுநாள் காலையில் போன் வந்தது. ஷர்மிளாவின் குரலில் பதற்றம் இல்லை, சலிப்புதான் இருந்தது.

"அண்ணி, ஒங்க தம்பி நேத்துலேருந்து போன எடுக்கவே மாட்டேங்குறாரு. நாகப்பட்டினத்துலதான் எறங்கிருக்கணும். நீங்களாச்சும் போட்டு நாலு வார்த்த கேளுங்க."

"நாகப்பட்டினம்னு யாரு சொன்னா ஷர்மிளா?"

"யாரும் சொல்லல. நேத்து சாயங்காலமே டிவியில கரை சேர்ந்தாச்சுன்னு பச்சையாப் போட்டுருச்சே. நானே போயிப் பாத்துட்டுத்தான் வந்து சோறு தின்னேன்."

"அது நெசம் இல்ல. பெரியப்பாட்ட ஓடு. படக எறக்கச் சொல்லு. ஓடு!" என்று ஜெயப்ரியா கத்தினாள். பிறகு அவளே வைத்தியலிங்கத்தைக் கூப்பிட்டாள், நகரத்துக் கடலோரக் காவல் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். "எங்க திரையில எல்லாப் படகும் கரையிலன்னு காட்டுதேம்மா" என்றது மறுமுனை. தன் கையால் எழுதிய சொல் தனக்கே பதிலாக வந்ததைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஊர்ப் படகுகள் அத்தனையும் இறங்கின. உச்சிப்பொழுதுக்குமேல் சுப்ராயனைத் தூக்கினார்கள், உயிர் இருந்தது. மணிவேல் கிடைக்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

சுப்ராயனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாள் ஜெயப்ரியா. உதடு வெடித்து, கண் இடுங்கி, அவர் மெதுவாகச் சொன்னார்.

"பொழுது சாயறத்துக்கு முன்னாடியே கவுந்துருச்சு ஆத்தா. டீசல் கேன ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கிட்டுக் கெடந்தோம். அவன் தைரியமாத்தான் இருந்தான். எங்கக்கா மெஷினு வச்சிருக்கு, இந்நேரம் செவப்பு அடிச்சிருக்கும், லைட்டு போட்டுக்கிட்டு வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். விடிஞ்சப்பறந்தான் ஆத்தா கைய வுட்டான்."

மணிவேலுக்கு அந்த மாற்றம் தெரியாது. டிவி பக்கம் போகிறவன் இல்லை அவன். ஜெயப்ரியா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள், தம்பிக்காக அழுகிறாள் என்று நினைத்துச் சுப்ராயன் தட்டிக்கொடுத்தார்.

அன்றே ஏலக்கூடத்து மாடிக்கு ஏறி 'தானே முடி'யை அழித்து 'எச்சரி' என்று எழுதினாள். கீழே வந்தபோது வைத்தியலிங்கம் நின்றிருந்தார், முகம் பார்க்கவில்லை. "ஊரு கேட்டுச்சு, நீ செஞ்ச. ஒன் மேல குத்தமில்ல. இத வெளியில சொல்லிக்கிட்டு இருக்காத பாப்பா. ஷர்மிளா மெஷினு ரிப்பேருன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு, அப்புடியே இருக்கட்டும்" என்றார். அதன் பிறகு டிவியில் சிவப்பு வந்தால் ஒருத்தியும் சண்டைக்கு வரவில்லை. பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற புத்தி நமக்கு எப்போதும் உண்டு.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஜெயப்ரியாவும் பார்த்தாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், ஷர்மிளா போட்ட சோற்றைத் தின்றுகொண்டு அப்படி இருக்க முடியவில்லை. ஒரு காலையில், அஞ்சுகம் சந்தைக்குப் போன பிறகு, குழந்தையை மடியில் வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவளின் எதிரே போய் உட்கார்ந்தாள். மெஷின் ரிப்பேர் இல்லை என்றாள். அந்த வரியை மாற்றியது நான்தான், என்ன மாற்றினேன், மாற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்தே மாற்றினேன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். வாரி அடிப்பாள், மண்ணைத் தூற்றுவாள், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தாள்.

ஷர்மிளா எண்ணெய்க் கையைத் துடைக்கவில்லை. குழந்தையின் தலையில் அந்தக் கை அப்படியே இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவே இல்லை.

"நான் செவப்ப எடுக்கத்தான் சொன்னேன் அண்ணி. பச்சையப் போடச் சொல்லலயே."