கம்பெனி மதிலுக்குள் அப்பா

நிலம் எடுக்குமுன் நேரில் பார்க்கும் அலுவலர், அதிலுள்ள கிணறு, மரம், கட்டடம், சமாதி எல்லாவற்றையும் அறிக்கையில் எழுத வேண்டும் என்பது விதி. தன் குடும்பத்து நிலமென்றால் அந்த அலுவலர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒரகடம் பக்கத்தில் எங்கள் நிலத்தைத் தொழிற்சாலைக்கு எடுத்தபோது பார்க்கப் போன அலுவலர் நான். கிணற்றை எழுதினேன். புளியமரத்தின் சுற்றளவைக்கூட அளந்து எழுதினேன். அதனடியில் அப்பாவைப் புதைத்த மேட்டை எழுதவில்லை.

எழுதியிருந்தால் கோப்பு நின்றிருக்கும். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் மகள் டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். அப்பா ஏர் பிடித்து என்னைப் படிக்கவைத்தார். அந்தப் படிப்பில் வந்த கையெழுத்துதான் அறிக்கையின் கீழே இருக்கிறது.

அவளுக்கு வேலை கிடைத்தது. இன்றும் தினம் கார்டைக் காட்டி உள்ளே போகிறாள். எண்பதை நெருங்கிய அண்ணனுக்குத்தான் வழி இருக்கவில்லை. போன வருஷம் நெஞ்சுவலி வந்து பிழைத்ததிலிருந்து ஒரே பேச்சு.

"ஒரு வாட்டி அப்பனாண்ட போயி கற்பூரம் ஏத்திட்டு வந்துடறேன்."

"இப்ப அங்க மேடா கீது? ஷிஃப்ட் பஸ்ஸு நிக்கிற எடம்ப்பா அது," என்றாள் மகள்.

"பஸ்ஸு நகராதா?"

"நீ வந்து விசில் ஊது, நகருதா பாக்கலாம்."

அண்ணன் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுத்தியே, எனக்கு ஒண்ணு எழுதுடா."

அவர் பெயரில் கம்பெனிக்கு எழுதினேன். இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு, சமாதி இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். ஆதாரமாக இருந்திருக்கக்கூடிய ஒரே தாள் என் அறிக்கை.

அப்போது அண்ணன் மறுபடி ஆஸ்பத்திரியில். கட்டில் பக்கம் உட்கார்ந்து சொன்னேன். "மேட்ட நான்தாண்ணா எழுதாம வுட்டேன்."

"தெரியும். அன்னிக்கு உன்ன இட்டுகினு போனது யாரு? மேடு வந்ததும், மரத்த அளடான்னு திருப்பி வுட்டது நான்தானே." மூச்சு வாங்கினார். "பொண்ணு பொழைக்கணுமேன்னு செஞ்சோம். அப்பன் கோச்சிக்க மாட்டாரு. ஆனா அவர ஒரு வார்த்த கேக்கலையேடா. அதச் சொல்லத்தான் போவணுங்கறேன்."

மறுநாளே, அறிக்கை தவறு, எழுதியவன் நான் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். முப்பது வருஷ சர்வீஸையும் சேர்த்து, நான் எழுதிய ஒரே முழு உண்மை அதுவாகத்தான் இருக்கும். அதற்கும் காத்திருக்க வைத்தார்கள்.

அனுமதி வந்தது. மனுதாரர் மட்டும், அடையாள அட்டையுடன், ஷிஃப்ட் மாறும் நேரம் தவிர்த்து, அரை மணி நேரம். வாசகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணன் பெயரைக்கூடப் பிழையில்லாமல் அடித்திருந்தார்கள். தபால்காரர் அதைக் கொண்டுவந்தது, அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்தன்று.