அட்டைப் பம்புசெட்டுக்கு ஒயர் இழுத்தது

எங்கள் கிணற்றுக்குக் கரண்டு வரப்போகிறது என்று அப்பா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் கம்பங்கள் புதுவயல் ரோட்டில் வந்து இறங்கின. அதே மாதம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. காகிதத்தில் எதுவும் செய்து வரலாம் என்றார்கள். மற்றப் பிள்ளைகள் கோவில், கப்பல் என்று கை தூக்க, நான் பம்புசெட்டு என்றேன். முதல் பரிசு எனக்குத்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

செய்ததில் பாதி அத்தையின் கைவேலை. அத்தை அப்பாவின் தங்கை, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். செக்காலை ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி மோட்டார் ரூம் ஆனது. சிகரெட்டு வெள்ளித்தாளில் மோட்டார், சுருட்டிய காகிதத்தில் கம்பம், சாக்பீஸ் துண்டில் அதன் உச்சிப் பீங்கான் கப்பு. ஒயர்தான் கழுத்தை அறுத்தது. காகிதத்தைத் திரித்தால் குச்சியாக நின்றது. நூலை மையில் நனைத்தால் காய்ந்ததும் நாய்வாலாகச் சுருண்டது.

கம்பம் நட வந்தவர்களில் ஒரு ஒயர்மேன் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. மத்தியானம் எங்கள் வீட்டில்தான் தண்ணீர் கேட்பார். அவர் என்ன ஆளுக என்று அம்மா இரண்டே நாளில் விசாரித்துவிட்டாள். மூன்றாம் நாளிலிருந்து அவருக்கென்று தனி டம்ளர். அதில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது அத்தை. இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

அவரிடம் என் பம்புசெட்டை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒயரு இத்தனை விறைப்பா நிக்காது கண்ணு. கொஞ்சம் தொய்வு விடோணும். இழுத்துக் கட்டுனா அத்துப்போகும்" என்றார்.

அன்று முழுக்க அத்தை 'தொய்வு விடோணும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கொடிக்கயிற்றிடம் சொன்னாள், உலையில் கிடந்த அரிசியிடம் சொன்னாள். அவரைக் கேலி செய்கிறாள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் அத்தை மாடத்திலிருந்து தன் முடிச்சுருளை எடுத்தாள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சேர்த்து வைத்து, ஊசி பாசி விற்பவள் வந்தால் போட்டு ஹேர்பின் வாங்குவது வழக்கம். அதுவரை ஒரு முடிகூட வெளியாள் கைக்குப் போய்விடக் கூடாது, வசியம் பண்ணிவிடுவார்கள் என்று அம்மா சொல்லுவாள். அத்தை அந்த முடியைச் சிக்கெடுத்து, தொடையில் வைத்து நூல்போலத் திரித்து, மெழுகுவர்த்தியைத் தடவி உருவினாள். சுருண்டுகொள்ளாமல் இருக்க நுனியில் பெட்டிச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டாள். எடுத்துக் கம்பத்துக்குக் கம்பம் கட்டியபோது அது கறுப்பாக, மினுமினுவென்று, அசல் ஒயர் மாதிரியே தொங்கியது.

ஒயர்மேன் விரலால் தொட்டுப் பார்த்து, எதில் செய்தது என்று கேட்டார். பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, ரூமுக்குள் இறங்கும் ஒயர் இன்னும் தடியாக இருக்க வேண்டும் என்றார்.

"அவுக என்ன சொன்னாக?" என்று அத்தை கேட்டாள். சொன்னேன். மூன்று இழையைப் பின்னித் தந்தாள். அடுத்த நாள் அவர் வேறொரு குறை சொன்னார். பத்து நாள் இப்படி நடையாய் நடந்தேன். கடைசியில் ஊருக்கே கரண்டு கொடுக்கும் அளவுக்கு என் பம்புசெட்டில் ஒயர் சேர்ந்துவிட்டது.

கிணற்றில் மோட்டார் ஓடிய அன்று அத்தை பார்க்க வரவில்லை. அந்த வாரம்தான் மாப்பிள்ளை வீட்டார் வந்து அவளுக்குப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒயர்மேன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, அந்த ஒயரைத் தருவாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"ஒங்ககிட்டதான் வண்டி வண்டியா ஒயர் கெடக்கே" என்று சொல்லிவிட்டு அத்தையிடம் ஓடினேன்.

ஒவ்வொரு முடிச்சாக அத்தையே அவிழ்த்தாள். சுருட்டிக் காகிதத்தில் மடித்து, "குடுத்துட்டு வா. நான் வேற திரிச்சுத் தாரேன்" என்றாள்.

வேறு திரித்துத் தரவே இல்லை. சீப்பில் வந்த முடியை அடுப்பில் போட்டுவிட்டாள். வெறும் நூலைக் கட்டிக்கொண்டு போனேன். காகிதக் கப்பலுக்கு முதல் பரிசு, எனக்கு ஒரு சோப்புப் பெட்டி. அத்தையுடன் இரண்டு நாள் பேசவில்லை. பொல்லாத பிள்ளை நான்.

மூன்றாம் நாள், முடியைப் பற்றி அம்மா சொன்னது திடீரென்று நினைவுக்கு வந்தது. பயந்துபோய், அரிசி களைந்துகொண்டிருந்த அத்தையிடம் ஓடி, "அத்தை, அவுக வசியம் பண்ணிருவாகளோ?" என்று கேட்டேன்.

அவள் கை தண்ணீருக்குள் நின்றது.

"பண்ணமாட்டாகடி" என்றாள். "நல்லவுக."

எனக்கு உயிர் வந்தது. நல்ல மனிதர் என்பதை அத்தை ஏன் அவ்வளவு வருத்தமாகச் சொன்னாள் என்பதுதான் விளங்கவில்லை.