மிதவை கட்டிய சாவி

வில்பிரட்டுக்கு அரசாங்கத்தின் மேல் பன்னிரண்டு வருஷமாக ஒரு கோபம் உண்டு. மீன்பிடித் தடைக்காலத்தாலோ டீசல் விலையாலோ வந்த கோபம் இல்லை. கக்கூஸால் வந்தது.

மண்டபத்தைத் தாண்டிப் பாம்பன் பாலத்துக்குப் போகிற சாலையில் அவர் கடை. கடலுக்குப் போய்ப் போய் முதுகு விட்டுப்போன பிறகு, படகில் இருந்த பங்கை விற்று ஆரம்பித்தது. காலையில் இட்லி, பூரி. மத்தியானம் மீன்குழம்புச் சாப்பாடு. எந்நேரமும் டீ. பின்னால் ஒரே ஒரு கழிவறை. கடை திறந்த இரண்டாம் மாதம், யாரோ பெரிய மனிதர் ராமேஸ்வரத்துக்கு வருகிறார் என்று வெளி மாவட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையக் காவலர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆளுக்கொரு டீகூடச் சொல்லவில்லை. "டூட்டில இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வரிசையாகப் பின்பக்கம் போனார்கள். சாயங்காலம் வேன் கிளம்பியபோது தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, குழாயில் கைப்பிடி இல்லை, உள்ளே கால் வைக்க இடமில்லை. நல்ல தண்ணீர் லாரியில் வருகிற ஊர் அது. வில்பிரட்டும் அவர் மனைவி கிறிஸ்டினாவும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கடல் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்துவந்து கழுவினார்கள்.

மறுநாளே ஒரு தகரத்தில் பெயிண்டால் எழுதிக் கடை வாசலில் மாட்டினார். ஆறாம் வகுப்போடு நின்றுபோன கை. "கழிவறை சாப்பிடுபவர்களுக்கு மட்டும்."

பக்கத்தில் சங்கும் பாசிமணியும் விற்கிற பாக்கர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே மாப்ள, அதையெல்லாமா சாப்பிடுவாக?"

"புரியிறவனுக்குப் புரியும். ஒன் சோலியப் பாரு."

"அல்லா! ஒரு புள்ளியாவது வையிலே நடுவுல."

புள்ளி வைக்கவில்லை. பலகை அப்படியே இருந்து உப்புக்காற்றில் ஓரம் துருப்பிடித்தது. அப்புறம் ஒரு சுற்றுலாக்காரர் கழிவறைச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கே போய்விட்டதால், புதுச் சாவியில் வலைக்குக் கட்டுகிற மிதவை ஒன்றைக் கட்டினார். தேங்காய் அளவு, ஆரஞ்சு நிறம். அதைக் கையில் பிடித்தவர் எங்கே போகிறார் என்பது ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாருக்கும் தெரியும்.

பாக்கர் அடிக்கடி இதை வைத்து வம்புக்கு இழுப்பார். "தண்ணி கேட்டாக் குடுக்கோம்ல. அது மாதிரித்தானே இதுவும்?"

"தண்ணி குடுத்தா அவன் வயித்தோட போயிரும். இது இங்கனயே கெடக்கும். வந்து கழுவுறியா நீ?"

வில்பிரட் சொன்னதில் நியாயமும் இல்லாமல் இல்லை.

கடைக்கு எதிரே சோதனைச்சாவடி வந்தது போன வருஷம். நான்கு தகரம், ஒரு மேசை, இரும்புத் தடுப்பு. கழிவறை கட்டுவதாகச் சொன்னார்கள். குழி தோண்டினார்கள். குழியில் மழைத் தண்ணீர் நின்றது, அப்புறம் ஆடு விழுந்தது, அப்புறம் மூடிவிட்டார்கள். அங்கே நிற்க வந்தவர்தான் ஏட்டு பஞ்சவர்ணம். ஐம்பத்தி நாலு வயது, கமுதிப் பக்கத்து ஆள், கனத்த உடம்பு, காலில் வீக்கம். ஆண் காவலர்கள் சாவடிக்குப் பின்னால் கருவேலங்காட்டுக்குள் போய் வந்துவிடுவார்கள். ஏட்டம்மாவுக்கு எதிரே வில்பிரட்டின் கடைதான்.

முதல் நாள் வந்து பலகையைப் படித்தார். சிரிக்கவில்லை. "ஒரு டீ" என்றார். காசை வைத்தார். ஆணியில் தொங்கிய மிதவையை எடுத்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மிதவையின் மேல் கவிழ்த்து, அப்படியே மூடிப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்து சாவியை மாட்டிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார். டீ திண்டின் மேல் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும். மத்தியானம் ஒரு தடவை வருவார், ஒரு டீ வாங்குவார், ஒரு மடக்குக் குடிக்கமாட்டார்.

காசு வாங்கிவிட்டோமே என்று விடுகிற ஆள் இல்லை வில்பிரட். டீயில் கை நயம் உண்டு என்று நம்புகிறவர். உள்ளுக்குள் குடைந்தது. அவருடைய அய்யா கருவாட்டு மூட்டையோடு கமுதி மாதிரி உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போன காலத்தில், டீக்கடையில் "கடக்கரைக்காரன் கிளாசைத் தனியா வை" என்று சொன்னது வீட்டில் இன்னும் மறக்காத கதை. இந்தம்மாவும் கமுதிப் பக்கம்தானே. ஏலக்காய் தட்டிப் போட்டுப் பார்த்தார். பேப்பர் கப்பில் கொடுத்துப் பார்த்தார். கிறிஸ்டினாவிடம் கிளாசையெல்லாம் எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்க்கச் சொன்னார்.

"ஒரு பொம்பளைக்காகவா இம்புட்டும்?" என்றாள் கிறிஸ்டினா.

"பொம்பளைக்காக இல்ல. டீக்காக."

நான்கு மாதம் பொறுத்தார். ஒரு நாள் ஏட்டம்மா சாவியை மாட்டிவிட்டுத் திரும்புகையில் கேட்டேவிட்டார்.

"ஏட்டம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீக. எங்க கிளாசில மீன் வாடை அடிக்குதோ?"

"ஏண்ணே?"

"தெனம் வாங்குறீக. ஒரு சொட்டு உள்ள போகல. கடக்கரைக்காரன் போட்ட டீ தொண்டையில எறங்காதோ?"

பஞ்சவர்ணம் முதல் தடவையாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, ஆனால் அதற்குக்கூடச் சத்து இல்லாத மாதிரி வந்தது.

"அட போங்கண்ணே. டீயக் குடிச்சா ஒரு மணி நேரத்தில திரும்ப வரணும். திரும்ப வந்தா இன்னொரு டீ வாங்கணும். அதையும் குடிச்சா? நான் வாங்குறது டீ இல்ல, டிக்கெட்டு. போர்டு போட்டிருக்கீகல்ல."

வில்பிரட் திண்டின் மேல் ஆறிக் கிடந்த டீயைப் பார்த்தார்.

"ஒங்க டீ நல்லாத்தான் மணக்குது. அதான் கையில எடுக்காம எட்டத்தில வச்சிட்டுப் போறேன்."

அன்றைக்குத்தான் அந்த அம்மாள் கொஞ்சம் பேசினார். பெருமையாகவும் இல்லை, புலம்பலாகவும் இல்லை. யாரோ கேட்ட கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னார். முப்பத்தொரு வருஷச் சர்வீஸ். இந்தக் கரை முழுக்க நின்றாகிவிட்டது. மற்றவர்களுக்கு ஊர் என்றால் கோயில், பஸ் ஸ்டாண்ட், சொந்தக்காரர் வீடு. பஞ்சவர்ணத்துக்கு ஊர் என்றால் எங்கே ஒதுங்கலாம் என்பதுதான். தொண்டியில் மஜீதா என்று ஒரு அம்மாள். காக்கியைப் பார்த்ததும் கேட்காமலே கொல்லைக் கதவைத் திறந்துவிடுவாள். வாலிநோக்கத்தில் ஒன்றும் கிடையாது.

"அங்கன எல்லாம் உப்புப் பாத்தி. கண்ணுக்கெட்டின தூரத்துக்கு வெள்ளை. மறைய ஒரு செடி இருக்காது. நாங்க நாலு பேரு மழைக்கோட்டை விரிச்சு வட்டமா நிப்போம், ஒருத்தி நடுவுல உக்காருவா. அப்புறம் இன்னொருத்தி. ஒருக்கா ஒரு ஆபீசர் ஜீப்புல வந்து, என்ன இங்க கும்பல்னு மெமோ குடுத்தாரு."

"நீங்க என்ன பதில் எழுதுனீக?"

"இனிமே கும்பல் கூட மாட்டோம்னு எழுதினேன்."

பந்தோபஸ்து என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. மாதவிலக்கு வந்த காலத்தில் அதைத் தள்ளிப்போட மாத்திரை. இப்போது அது நின்றுவிட்டது, அது ஒன்றுதான் ஆறுதல். அடிவயிற்றில் ஒரு எரிச்சல் மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சிறுநீரகம் கெட்டுவருகிறது, தண்ணீர் குடிக்காவிட்டால் ஒரு நாள் விழுந்துவிடுவீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"குடிக்கச் சொல்றாரு. எங்க போறதுன்னு சொல்ல மாட்டேங்காரு" என்று எழுந்தார் பஞ்சவர்ணம்.

'இனிமே டீ வாங்காமலே போங்க' என்ற வார்த்தை வில்பிரட்டின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே இன்னும் ஏழு பேர் நிற்கிறார்கள். அமாவாசைக்குக் காவலர்கள் வேன் வேனாக வருவார்கள். ஒருத்தருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்கவேண்டும். கடல் தண்ணீர் சுமந்த தோள் வலி ஞாபகம் வந்தது. "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சைத் துடைத்தார்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?" என்று கிறிஸ்டினா அன்று முழுவதும் ஏசினாள்.

ஆடி அமாவாசை வந்தது. விடிவதற்குள் சாலை நிறைந்துவிட்டது. பஸ்ஸும் வேனும் காருமாக ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போகிற ஜனம். ஏட்டம்மா தடுப்புக்கு நடுவில் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். மீன் தொடாத ஜனம் என்பதால் அன்று நாள் முழுக்கத் தோசைதான், கடையில் அடுப்பு அணையவில்லை. கழிவறைக்கு வரிசை பின்பக்கத்திலிருந்து வாசல் வரைக்கும் நின்றது. எல்லாரும் சாப்பிட்டவர்கள், குழந்தை வைத்திருப்பவர்கள், வயதானவர்கள். மிதவை ஆணிக்கு வரவே இல்லை, கையிலிருந்து கைக்குப் போனது.

பன்னிரண்டு மணி வாக்கில் பஞ்சவர்ணம் ரோட்டைத் தாண்டி வந்தார். வரிசையைப் பார்த்தார். காக்கிச் சட்டையோடு முன்னால் போய் நின்றால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. கடைசியில் போய் நிற்க நேரமில்லை. பின்னால் மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். தோசைக்கல்லின் முன்னால் நின்ற வில்பிரட்டை ஒரு தடவை பார்த்தார். வில்பிரட்டும் பார்த்தார். 'ஏட்டம்மாவ விடுங்க' என்று இரண்டு வார்த்தை போதும். கல்லில் நான்கு தோசை இருந்தது. ஒருவன் பார்சலுக்குக் கத்திக்கொண்டிருந்தான். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அந்த அம்மாள் தடுப்புக்குப் போய்விட்டிருந்தார்.

நான்கு மணிக்குத் தடுப்பைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில் வந்து சேர அரைமணி நேரம் ஆனது. தூக்கி ஏற்றும்போது தொப்பி கீழே விழுந்தது. பாக்கர் அதை எடுத்துவந்து வில்பிரட்டின் கல்லாவில் வைத்தார்.

மூன்றாம் நாள் வில்பிரட்டும் கிறிஸ்டினாவும் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினார்கள். கையில் தொப்பி, பிளாஸ்கில் டீ. ஆஸ்பத்திரியில் ஏட்டம்மா நைட்டியோடு படுத்திருந்தார். காக்கி இல்லாமல் பார்க்கிறபோது வேறு யாரோ மாதிரி இருந்தது. கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டில் ஒன்று பாதிதான் வேலை செய்கிறதாம்.

வில்பிரட்டுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. பிளாஸ்கைத் திறந்தார்.

"டீ. குடிக்கலாமா என்னன்னு தெரியல."

"ஊத்துங்கண்ணே. நல்லாக் குடிக்கத்தான் சொல்லிருக்காக." ஒரே மூச்சில் குடித்தார். கிளாசை நீட்டினார். "இன்னொண்ணு. இங்கன கட்டில்ல இருந்து நாலு எட்டுலயே இருக்கு."

கிறிஸ்டினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வில்பிரட் இரண்டாவது கிளாசையும் நிரம்ப ஊற்றினார்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சாவி போடுகிற கடையில், கையோடு கொண்டுவந்த கழிவறைச் சாவியைக் கொடுத்து அதே மாதிரி இன்னொன்று வெட்டச் சொன்னார். அதில் மிதவை கட்டவில்லை. பஞ்சவர்ணம் ஐந்து வாரம் கழித்து அதே சாவடிக்கு வந்து நின்றபோது, ரோட்டைத் தாண்டிப் போய் அந்தச் சாவியைக் கையில் கொடுத்தார். "இது ஒங்களுக்கு. சட்டைப்பையில போட்டுக்கிடுங்க. டீ வாங்க வேண்டாம்."

"வாங்கினாக் குடிக்கலாம்ல?" என்றார் அந்த அம்மாள்.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு டீ குடித்தார்.

பலகையை மட்டும் வில்பிரட் கழற்றவில்லை. பாக்கர் கேட்டார். "அது எதுக்குலே இன்னும்?"

"ஏட்டம்மாவுக்குத் தனி. மத்தவனுக்கு அதான் சட்டம். வேன்காரனுங்க வந்தா நீயா கழுவுவ?"

மார்கழியில் ஏட்டம்மாவுக்கு மாறுதல் வந்தது. நின்று பார்க்கிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததன்பேரில், ராமநாதபுரத்தில் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. கடைசி நாள் டூட்டி முடிந்து கடைக்கு வந்தார். டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துத் திண்டின் மேல் வைத்தார்.

"வச்சுக்கிடுங்க ஏட்டம்மா. இந்தப் பக்கம் வந்தா ஒதவும்."

"எனக்கு இனிமே எதுக்கு? ஆபீசுலயே இருக்கு, ஓடு பதிச்சது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நாளையில இருந்து எனக்குப் பதிலா ஒருத்தி வாரா. முதுகுளத்தூர்க்காரி. ரெண்டு பிள்ள பெத்தவ."

வில்பிரட் அந்த வெறும் சாவியைப் பார்த்தார். துருப்பிடித்த பலகையையும் பார்த்தார். "வரட்டும். கேட்டாக் குடுக்கேன்" என்றார், விட்டுக்கொடுக்காத குரலில்.

"கேக்க மாட்டாண்ணே. நான் கேட்டேனா? டீதான கேட்டேன். அவளும் போர்டைப் படிச்சிட்டு வந்து ஒரு டீன்னுதான் சொல்லுவா." பஞ்சவர்ணம் சாவியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். "அப்படிச் சொன்னா, நீங்க பால் சட்டியில கைய வைக்காதீக. மொதல்ல சாவியக் குடுங்க. டீ பெறகு போடலாம்."