தேவானையின் படகில் பிரியாணிச் சட்டி

அடையாறு முகத்துவாரத்தில் நண்டு பிடிக்கும் தேவானைக்கு மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் வந்துவிடும். ஆற்றோரத் தெருக்களில் வெள்ளம் புகுந்தால், தன் சின்னப் படகில் ஆட்களை ஏற்றி மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். படகில் கால் வைப்பவரிடம் அவர் சொல்வது இதுதான்: "லைஃப் ஜாக்கெட்ட மாட்டு, நடுவுல உக்காரு, எய்ந்திருக்காத."

யார் கேட்கிறார்கள்? அன்று ஏறியவர்களில் ஒருவர் வீடியோ எடுக்க எழுந்தார், இன்னொருவர் மாடிவீட்டுக்காரரிடம் நலம் விசாரிக்க எழுந்தார். படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

"இன்னா நைனா, படகைக் கவுத்துட்டு நீந்திக்கினே போலாம்னு கீறியா?" என்று தேவானை கத்தினார். சிரித்தார்களே தவிர உட்காரவில்லை.

அப்போது அதே தெருவில் ஒரு வீட்டின் முதல் மாடியிலிருந்து ஜஹனாரா கூப்பிட்டார். "தேவானக்கா, பள்ளிக்கூடத்துல கீறவங்களுக்கு பிரியாணி! உங்களுக்கும்தான்."

கயிற்றில் இறங்கிய சட்டியைத் தேவானை வாங்கிப் படகின் நடுவில் வைத்தார். "இது சாஞ்சா இன்னிக்கு எவனுக்கும் சோறு இல்ல."

எல்லோரும் சட்டென்று அமர்ந்து சட்டிக்குக் காலால் முட்டுக் கொடுத்தார்கள். வீடியோ எடுத்தவர்தான் முதலில் பக்கத்து ஆளை அதட்டினார்: "யோவ், ஆடாதய்யா!"

பள்ளிக்கூட வாசல்வரை படகு ஆடாமல் போனது. இப்போதெல்லாம் தேவானை சட்டி வாங்கிய பிறகே ஆட்களை ஏற்றுகிறார்.