அசையாத வயிறு

அந்தக் காட்சி வரப்போகும்போது பொணத்தண்ணன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்ப்பார். கைகளை மடியில் வைப்பார். பிறகு வாயை இறுக்கி மூடி மூச்சை அடக்குவார். தியேட்டரில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு நான் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன்.

ஞாயிறு பகல் காட்சிக்கு எங்களிடம் வருஷக்கணக்காக ஒரே படம்தான். செத்துப்போன அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டபடியே சொத்துக்குச் சண்டை போடுவார்கள். அந்த அப்பாவாக நடித்தவர்தான் இவர். நடித்தது அந்த ஒரு படம். நடுவில் பிணத்தின் வயிறு ஏறி இறங்கும். கொட்டகையே சிரிக்கும். "மூச்சடக்கக் கத்துக்கிட்டு வாங்க, அடுத்த படத்துல பார்க்கலாம்" என்றாராம் டைரக்டர். இவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கிற என்கிட்ட பேச நேரமில்ல, பொணமா இருக்கப் பழகுறாராம்" என்று சொல்லிவிட்டுத் தன் அண்ணன் வீட்டுக்குப் போன மனைவி திரும்பவில்லை. இவர் பூட்டுக்கடை மாடியில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார்.

ஒரு ஞாயிறு, படம் போடுவதற்கு முன்பு ஆபரேட்டர் என்னிடம் கண்ணடித்தார். "இன்னிக்கு ஒரு கூத்து இருக்கு பாரு."

"பாவம்ணே, விட்ருங்க."

"நீ தொடப்பத்தப் பிடி, போதும்."

காட்சி வந்தது. பொணத்தண்ணன் மூச்சை அடக்கியதும் படம் அப்படியே நின்றது. விளக்கு எரிந்தது. திரையில் இருந்தவரும் அசையவில்லை, இருக்கையில் இருந்தவரும் அசையவில்லை.

"டேய், அந்தப் பொணம் இங்க உட்கார்ந்திருக்குடா!" என்று ஒருவன் கத்தினான். எல்லாத் தலைகளும் திரும்பின.

காட்சி முடியாமல் அவர் மூச்சு விடுவதில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் கறுத்தது. மயங்கிச் சரிந்தவரின் நெற்றி முன் இருக்கையின் இரும்பில் மோதியது. அன்றைக்குத்தான் ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நான் தண்ணீர் தெளித்தேன். கண் திறந்ததும், "வயிறு அசைஞ்சுதாம்மா?" என்றார்.

"இல்லண்ணே."

"டைரக்டர்கிட்ட யாராவது சொல்லுவாங்களா?"

ஆபரேட்டர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "நானே சொல்றேன்ணே. வாரா வாரம் இப்படியே செஞ்சு காட்டுங்க. உங்களுக்கு டிக்கெட்டே வேணாம்."

டைரக்டர் செத்துப்போனது அவரைத் தவிர எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது ஞாயிறு பகலில் இடம் கிடைப்பதில்லை. யாரும் திரையைப் பார்ப்பதில்லை. அவர் விழுகிற பக்கம் நான் ஒரு சாக்கை விரித்துவைக்கிறேன்.