அட்டையில் வரைந்த கீபோர்டு

துறைமுகத்தில் எனக்குச் சரக்கு எண்ணும் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை, பெட்டி எல்லாவற்றையும் பென்சிலால் கோடு போட்டுக் குறித்துக்கொள்வோம். இரண்டாயிரம் பிறந்த சமயம், கன்டெய்னர் யார்டில் இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர்களுக்கு உள்ளே நாற்காலி. தெரியாதவர்கள் குடோன் வாசலில் வெயிலிலேயே நிற்க வேண்டியதுதான். எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. டைப்ரைட்டரைக்கூடத் தொட்டதில்லை. சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே என்று கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகவும் கூச்சம்.

"நம்ம லைப்ரரில கம்ப்யூட்டர் ஒண்ணு கீதாம். போய்ப் பாரேன்" என்றாள் என் மனைவி.

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அந்தக் கிளை நூலகம். நூலகர் அம்மா மாதவரத்திலிருந்து பஸ் மாறி வருபவர். வேலைக்கு வந்த புதிது. அவர் வருவதற்கு முன்பு அந்தக் கம்ப்யூட்டர் பின்னறையில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்ததாம். கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம். அவர்தான் உறையைக் கழற்றி, எல்லோரும் பேப்பர் படிக்கும் கூடத்துக்கு அதைக் கொண்டுவந்து வைத்தவர்.

"மேடம், இத்த நாங்கெல்லாம் தொடலாமா?"

"தொடத்தானே வெச்சிருக்கோம். எனக்கும் முழுசா தெரியாது, கத்துக்கிட்டிருக்கேன். உக்காருங்க, சேர்ந்து பார்ப்போம்."

எனக்கும் தெரியாது என்று அவர் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது.

விஷயம் பரவி, என்னோடு வேலை பார்த்தவர்களும் வர ஆரம்பித்தார்கள். இருப்பதோ ஒரே மிஷின். அந்த அம்மா பழைய காலண்டர் அட்டைகளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, எழுத்துகளை எழுதி, ஆளுக்கொன்று கொடுத்தார். முறை வரும்வரை அட்டையில் பழகலாம். பென்சில் பிடித்துக் காய்த்த விரல்கள் மேசையில் டொக் டொக்கென்று தட்டும்.

தினமும் பேப்பர் படிக்க வரும் பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. தென்காசிப் பக்கத்துக்காரர், அரிசி மண்டியில் வேலை பார்த்து ஓய்ந்தவர்.

"இது லைப்ரரியா, தபேலா கிளாஸா? மனுசன் நிம்மதியா பேப்பர் படிக்க வேண்டாமா?" என்று ஒருநாள் சத்தம் போட்டார்.

நூலகர் கோபப்படவில்லை. "பேப்பர்ல என்னங்கய்யா தேடுறீங்க?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ச் சேதிதான். மெட்ராஸ் பேப்பர்ல அது எங்க வருது?"

அவர் ஊர்ப் பக்கத்துப் பேப்பர் இணையத்தில் வருமென்று அந்த அம்மா கண்டுபிடித்து, நூலகத்து போன் லைனில் அதைத் திறந்தார். ஆனால் திரையில் தமிழே இல்லை, புரியாத குறிகளாக வந்தது. பிரவுசிங் சென்டரில் விசாரித்து, தேவையான எழுத்துருவை ஃபிளாப்பியில் வாங்கி வந்தார். மறுநாள் பெரியவரை அழைத்து உட்காரவைத்தார். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

"எங்க ஊர்க் குளம் நெறஞ்சு மறுகால் பாயுதாம்!" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு முறைக்காக என்னோடு சண்டை போட்டவரே அவர்தான்.

"நைனா, எனக்கு நாற்காலி போயிடும்."

"எனக்கு ஊரே போயிருமேய்யா!"

சிரித்துக்கொண்டே அந்த அம்மா சாயங்காலத்தை எங்களுக்கும் காலையை அவருக்கும் பிரித்துக் கொடுத்தார்.

சில மாதங்களில் யார்டில் எனக்கு நாற்காலி கிடைத்தது. விரல் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் நின்றுவிடாது. மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நூலகரிடம் சொல்லப் போனேன். சந்தோஷப்பட்டார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே, "நல்லவேளை வந்தீங்க. நாளைக்குப் புதுசா நாலு பேர் வர்றாங்க. நான் புத்தகம் கொடுக்கப் போயிடுவேன், நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுங்க" என்றார்.

சொல்லிக்கொடுப்பதா, நானா! வீட்டுக்கு வந்து மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"எல்லாம் தெரிஞ்சதா காட்டிக்காத. அந்தம்மா மாதிரி பக்கத்துல குந்து, போதும்" என்றாள்.

மறுநாள் அப்படித்தான் உட்கார்ந்தேன்.