சீட் கவருக்கு அடியில்

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் எங்கள் மலையில், திருப்புலி நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காளியண்ணன் வண்டியென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்பார்கள். மூன்று பிரசவங்களை நேரத்துக்கு மலையிறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், குடித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, ஹாரன் அடித்து ஒருத்தரைத் திட்டியதில்லை என்பார்கள். எல்லாம் நிஜம். அதனால்தான் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் தப்பில் பாதி என்னுடையது. அடுத்தவர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

அவர் மரவள்ளிக் காட்டில் பிறந்து வளர்ந்தவர். எட்டாவதோடு படிப்பு நின்றது. லாரியில் கிளீனராக ஏறி, பிறகு ஜீப், பிறகு இன்னொருத்தர் வேன் என்று பதினெட்டு வருஷம் ஊரான் வண்டியை ஓட்டினார். ஆறு வருஷத்துக்கு முன்னால்தான் பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். ஏழு பேர் உட்காரலாம். அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு மனுஷர் சோறு தின்ன உள்ளே வரவில்லை, முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். “எனக்குச் சேலை எடுத்தப்பகூட இப்படித் தொட்டுப் பார்க்கலீங்களே” என்றேன். “சேலை எழுபது வளைவு ஏறுமா புள்ள?” என்றார்.

அந்த எழுபது வளைவுதான் எங்கள் மலைக்கு வருகிறவர்களுக்குக் கண்டம். அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறும்போது சிரிப்பும் பேச்சுமாக இருப்பார்கள். இருபதாவது வளைவில் பேச்சு நிற்கும். முப்பதில் தலை ஜன்னலுக்கு வெளியே போகும். ஜன்னல் வரை போகப் பொறுக்காமல் வண்டிக்குள்ளேயே முடித்துக்கொள்கிற புண்ணியவான்களும் உண்டு. அவர் கவர் கொடுப்பார், எலுமிச்சம்பழம் கொடுப்பார். அப்புறம் கழுவுவது யார்? நான்தான். தரையைக் கழுவிவிடலாம். சீட்டைத் துடைத்துவிடலாம். பின் சீட்டில் பெல்ட்டை மாட்டுகிற பக்கிள் இருக்கிறதே, அந்தச் சின்னப் பொந்துக்குள் போனதை எடுப்பதற்குப் பழைய பல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு நான் பட்டபாடு ஊருக்குத் தெரியாது.

ஒருநாள் பிரஷ்ஷை வீசிவிட்டேன். “ஏனுங்க, பின்னாடி எந்த மகராசன் பெல்ட் போடறான்? மூடித் தைச்சுப் போடுங்க” என்றேன். நாமக்கல்லில் சீட் கவர் போடும்போது நானும் கூடப் போயிருந்தேன். மெரூன் நிறம் நான் எடுத்ததுதான். “பக்கிளுக்கு ஓட்டை விடட்டுங்களாக்கா?” என்று கடைக்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். “வேண்டாங்க” என்று நான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்துவிட்டார். யாராவது பின்னால் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினால், “பெல்ட் போட்டா வயித்த அமுக்கும் சாமி, வாந்திதான் வரும். கட்டாம உட்காந்தாத்தான் டக்குன்னு தலைய வெளிய நீட்ட முடியும்” என்பார். வைத்தியர் சொல்வதுபோல அத்தனை நம்பிக்கையாகச் சொல்வார். ஜனங்களும் தலையாட்டுவார்கள். முன் சீட்டுக்கு மட்டும் பெல்ட் உண்டு. அடிவாரத்தில் போலீஸ் நிற்கும் என்ற பயம்.

கவிதா எங்கள் ஊரில் பிறந்த பெண். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். வாழவந்தி நாட்டில் தமிழ்செல்வனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஓசூரில் இருந்தார்கள். அவன் கம்பெனி வேலை, இவள் ஒரு பணக்கார வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. போன சித்திரையில் ஊர்த் திருவிழா நோம்பிக்காக மூன்று வயது மகள் சுமித்ராவோடு ஊருக்கு வந்தார்கள். கவிதாவின் மாமியார் இருசாயி எங்கள் வண்டியிலேயே கீழே போய், காரவள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களை எதிர்கொண்டாள்.

கவிதாவின் கையில் ஒரு குழந்தை சீட் இருந்தது. அந்த வீட்டுக் குழந்தை வளர்ந்துவிட்டது என்று கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தையை இரண்டு வருஷமாகத் தினமும் அதில் உட்காரவைத்துப் பூட்டியவள் இவள்தான். பின்கதவைத் திறந்து கையை விட்டுத் துழாவிவிட்டு, “அண்ணா, பக்கிளைக் காணமுங்க. அது இருந்தாத்தான் சீட்ட இறுக்கிக் கட்ட முடியும்” என்றிருக்கிறாள்.

“தாய் மடிக்கு மிஞ்சுன சீட்டாடி இது?” என்றாளாம் இருசாயி. “நாங்க நாலு பெத்து மடியிலதான் வளத்தோம். கலெக்டர் ஊட்டுப் புள்ளையாட்டம் கட்டிப் போடப் பாக்கறா.”

என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். “இதுல கட்டிப் போட்டா வாந்தி மூக்குல ஏறிக்கும் கண்ணு. மடியில வச்சுக்க, அண்ணன் பூப்போலக் கொண்டுபோய் உடறேன்.” சீட்டைக் கோணியில் சுற்றி, மேலே கேரியரில் வைத்து, அசையாதபடி மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். பிறகு தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்த தமிழ்செல்வனையும் மாட்டச் சொன்னார். பிறந்த ஊர் அண்ணனே சிரித்த பிறகு அந்தப் பெண் யாரிடம் போய் வாதாடுவாள்? மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

முப்பத்தெட்டாவது வளைவில் ஒரு பைக்குக்காரன் தப்புப் பக்கத்தில் இறங்கி வந்தான். இவர் மலைப்பக்கம் ஒடித்தார். வண்டி பாறையில் போய் நின்றது. வேகம் முப்பதுகூட இருக்காது என்று இன்றைக்கும் சொல்கிறார். இருசாயிக்கு முழங்காலில் அடி. கவிதாவுக்கு உதடு கிழிந்து முன்பல் ஒன்று போயிற்று. சுமித்ரா அவள் கையை விட்டுப் பறந்து, முன் சீட்டு இரண்டுக்கும் நடுவில் போய் விழுந்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது. முன்னால் இருந்த ஆண்கள் இரண்டு பேரும் நெஞ்சைத் தடவிக்கொண்டு தங்கள் காலில் இறங்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது என் வீட்டுக்காரர்தான். டாக்டர் ஒரே கேள்வி கேட்டார். “குழந்தை எதுல உட்காந்திருந்துச்சு?”

“அம்மா மடியிலங்க.”

“முப்பதுல போய் முட்டுனா பன்னெண்டு கிலோ குழந்தை நூறு நூத்தம்பது கிலோவா இழுக்குமுங்க. ரெண்டு மிளகு மூட்டை. எந்த அம்மா கை அதைப் பிடிக்கும்? சீட்டுல வச்சுப் பூட்டியிருந்தா அழுதுட்டு எந்திரிச்சிருக்கும்.”

டாக்டர் சொன்ன இதைக் காதில் வாங்கியது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். அன்றைக்குச் சாயங்காலம் வண்டியை மீட்டுக்கொண்டு வந்தபோது நானும் பார்த்தேன். முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. கேரியரில் அந்தக் குழந்தை சீட் மட்டும் போட்ட முடிச்சு போட்டபடி, ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அவர் அதன் கீழே நின்றுகொண்டு டாக்டர் சொன்னதை எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, “நாளைக்கே போய் அவங்க ஊட்டுல சொல்லிப்போடறேன் புள்ள” என்றார்.

நான் தடுத்தேன். “பைத்தியமா உங்களுக்கு? சொன்னா உங்க வண்டியில எவன் ஏறுவான்? குழந்தை பொழைச்சுக்கிச்சு, அது போதும். வாய மூடிக்கிட்டுச் சும்மா இருங்க.” அவர் என் பேச்சைக் கேட்கிற மனுஷர். கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

ஆனால் ஊர் வாய்க்கு ஒரு குற்றவாளி வேண்டுமே. அது கவிதா தலையில் விடிந்தது. ஊரான் பிள்ளையைக் காசுக்குக் கண்ணாக வளர்த்தவள் தன் பிள்ளையைக் கைநழுவ விட்டுவிட்டாள் என்றார்கள். அவள் புருஷனே, கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கலாம் என்றானாம். சந்தையில், பஸ்ஸில், தண்ணீர்க் குழாயில் எங்கே போனாலும் இதே பேச்சு. என் காதில் விழுந்தபோதெல்லாம் நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக் கொட்டினேன். என்னைச் செருப்பால் அடித்தால்கூடத் தகும்.

அவரையோ தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பள்ளத்துப் பக்கம் திருப்பாமல் மலைப்பக்கம் திருப்பினாரே, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்றே என்று கண்டவர்களெல்லாம் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொருத்தர் பிடிக்கும்போதும் மனுஷர் கூனிக் குறுகிப்போவார். சோறு பாதிதான் இறங்கும். வண்டி ரிப்பேர் முடிந்து வந்த பிறகும் பின்கதவைத் திறக்க மாட்டார். வருகிற சவாரிகளை எல்லாம் ஏதோ சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

நாற்பத்திரண்டாவது நாள் இருசாயி ஆள் விட்டாள். குழந்தைக்கு மாவுக்கட்டுப் பிரித்தாயிற்று, பொங்கல் வைக்கிறோம், காளியண்ணனுக்குத் துண்டு போட வேண்டும், கட்டாயம் வரவேண்டும் என்று செய்தி. போகவேண்டாம் என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். எங்கே உளறிவிடுவாரோ என்ற பயத்தில் நானும் ஏறிக்கொண்டேன்.

அந்த வீட்டில் பத்துப் பதினைந்து சனம். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுமித்ரா கவிதாவின் நாத்தனார் இடுப்பில் இருந்தது. கவிதா அடுப்படி ஓரமாக முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்து, “வாங்கண்ணா, வாங்கண்ணி” என்றாள். சிரித்தபோது பல் போன இடம் தெரிந்தது. குழந்தை அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. நாத்தனார் இரண்டடி வைத்தாள்.

“அவகிட்டக் குடுக்காத” என்றாள் இருசாயி. “மறுக்கா கீழ போட்டுருவா.”

கவிதா எழக்கூட இல்லை. அது அவளுக்குப் பழகிப்போன வார்த்தை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் நான் வேண்டாம் என்று தலையைத்தான் ஆட்டினேன்.

தட்டில் துண்டோடு இருசாயி வந்தாள். அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். “வேண்டாங்கம்மா. கவிதா மேல தப்பில்லீங்க. சீட்ட வைக்கணும்னு அது கேட்டுச்சு. நான்தான் சிரிச்சுட்டு மேல தூக்கிக் கட்டுனேன். பெல்ட்ட மூடித் தைச்சு வச்சிருந்தேனுங்க. மடியில வச்சு எந்தக் கையும் புடிச்சிருக்க முடியாதுன்னு டாக்டர் அன்னிக்கே எங்கிட்டச் சொன்னாருங்க.”

இருசாயி அவர் தோளைத் தொட்டாள். “பொறந்த ஊருப் புள்ளைக்காகப் பழியத் தூக்கி உன் தலையில வச்சுக்கறே சாமி. இந்த மனசு யாருக்கு வரும்?” என்று துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள். சுற்றி நின்றவர்கள் ஆமாமா என்றார்கள். உண்மையைச் சொன்னதற்கும் மரியாதை கிடைத்துவிட்டது. அவர் தோளில் துண்டோடு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையும் அவர்கள் நல்ல குணம் என்றுதான் நினைத்தார்கள்.

கவிதா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் நிற்க முடியவில்லை. காய் நறுக்கின கத்தி அங்கே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, “எல்லாரும் வந்து பாருங்க” என்று வாசலுக்குப் போனேன். பின்கதவைத் திறந்து மெரூன் கவரை ஒரே இழுப்பாகக் கிழித்தேன். உள்ளே மூன்று பக்கிளும் வரிசையாக இருந்தன. “தைக்கச் சொன்னது நானுங்க. வாந்தி கழுவச் சோம்பேறித்தனப்பட்டுச் சொன்னேன். இவர் அன்னிக்கே சொல்ல வந்தாரு, வாய மூடுங்கன்னு அடக்குனதும் நான்தான்.” ஒரு பெல்ட்டை இழுத்துச் செருகிக் காட்டினேன். டிக்கென்று பிடித்துக்கொண்டது.

தமிழ்செல்வன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தான். “நான் முன் சீட்டுல பெல்ட் போட்டிருந்தேனே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இருசாயி என் வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுக்கவில்லை. அவரே எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்தார்.

கவிதா எழுந்து வந்தாள். நாத்தனார் இடுப்பிலிருந்த மகளைக் கேட்காமலே வாங்கினாள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அவரைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவில்லை.

“அன்னிக்கு நீங்க சிரிச்சதுகூடப் பரவாயில்லீங்கண்ணா. உங்களுக்குத் தெரியாது, சிரிச்சீங்க. நாப்பத்திரண்டு நாளா என் புள்ள கட்டோட கெடந்து அம்மான்னு அழுதுச்சு. நான் தொட்டா என்னாயிருமோன்னு கையக் கட்டிக்கிட்டுப் பாத்துட்டு உட்காந்திருந்தேன். இதுல ஒருநா நீங்க வந்திருக்கலாமுங்க.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் பெத்தவதானுங்களே அண்ணி” என்றாள். அவ்வளவுதான். மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் வண்டியில் ஏறினோம். உள்ளே இலை போட்டுப் பொங்கலும் வைத்திருந்தார்கள். யாரும் எங்களைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை.